திருப்பணிக் குழுவுக்கு, குதிரைகள் சம்பந்தமாக

தலைவர் பெரியப்பா அவர்களுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், பொருளாளர் மச்சானுக்கும், குழுவில் இருக்கும் மற்ற பங்காளிகள், மாமன் மச்சினன்மார் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றதும், “நீ உக்காரு சாமி, டிபன் ஆறுது” என்று பெரியப்பா சொல்லிவிட்டீர்கள். உட்கார்ந்தேன். ரவா உப்புமாவும் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி நம்ம வாட்ஸப் குழுவில், சொல்ல வந்ததை நாலு வரியில் போட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். ஒருத்தர் ரோஜாப்பூப் படத்தோடு இனிய இரவு வணக்கம் சொன்னார். அதற்குப் பின்னால் டைல்ஸ் கடையிலிருந்து முப்பது மாதிரிப் படங்கள் வந்து இறங்கி என் நாலு வரியை எங்கேயோ மேலே தள்ளிவிட்டன. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். இந்த மடலின் ஒரு பிரதி பால் சொசைட்டிச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விசயம் ஒன்றே ஒன்றுதான். வருகிற புதன்கிழமை ஜேசிபியைக் கூப்பிட்டு, கோயில் வாசலில் நிற்கும் ரெண்டு குதிரைகளையும், முனியப்பனையும், சுற்றியிருக்கும் மற்ற உருவங்களையும் இடிக்கப் போகிறீர்கள். அதை நிறுத்துங்கள். கும்பாபிஷேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி கட்டிவிட்டேன், ரசீதும் என்னிடம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகக் கொஞ்சம். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே தார்ரோட்டை விட்டு ஓர் இட்டேரியில் இறங்கினால், ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வெள்ளவேல மரம், மேட்டாங்காடு. அந்த இட்டேரி முடிகிற இடத்தில் எங்கள் கருப்பராயன் கோயில். கருவறையில் இருப்பது ஒரு கல்லும் நாலு சூலமும்தான். விசேசமெல்லாம் வெளியே. கிழக்கே பார்த்து ரெண்டு குதிரைகள், ஒவ்வொன்றும் பதினாலு அடி. கண்ணுக்குக் கோலி சோடாக் குண்டு. பிடரிமயிருக்குச் சைக்கிள் செயின். வயிறு முழுக்க உடைந்த பீங்கான் தட்டும் கப்பும் சாசரும் சில்லுசில்லாகப் பதித்தது. வேசகாலத்து மத்தியானத்தில் ஏறிட்டுப் பார்க்க முடியாது. நடுவில் ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு முனியப்பன். அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம், மணி பத்து பத்து. “சாமிக்கு எதுக்கு வாட்ச்?” என்று எங்கள் அப்பாரு கேட்டதற்கு, “காவலுக்கு உக்காந்திருக்கற சாமிக்கு மணி தெரிய வேண்டாமுங்களா?” என்றாராம் இதையெல்லாம் செய்த கொத்தனார்.

அவர்களைச் சுற்றி இருபத்து மூன்று உருவங்கள். அரை டவுசர் போட்ட போலீஸ்காரர், மாடு பூட்டிக் கவலையில் தண்ணி இறைக்கும் ஆள், தயிர்ப்பானை தூக்கிய பொம்பளை, காங்கயம் காளை, காலைத் தூக்கிக்கொண்டு மூத்திரம் போகும் நாய். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த பஸ். மூன்றடி நீளம், ஆறு ஜன்னல், ஆறு முகம், அதில் ஒரு முகம் மட்டும் வெளியே தலையை நீட்டி வாந்தியெடுக்கிறது. நோம்பிக்கு வரும் குழந்தைகள் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்ப்பது அதைத்தான். நீங்களும் ஓடியிருக்கிறீர்கள் பெரியப்பா. ஆத்தா சொல்லியிருக்கிறது.

ஊர் கேட்டது ரெண்டு குதிரையும் ஒரு முனியப்பனும்தான். கூலி பேசியதும் அதற்கு மட்டும்தான். மிச்சமெல்லாம் கொத்தனார் தானாகச் செய்தது. எழுபதுகளில் பெர்மிட் போட்டுத்தான் சிமெண்ட் வாங்க முடியும். வேலை செய்த இடங்களில் சட்டியில் ஒட்டிக் காய்வதற்கு முன் மிஞ்சியதை வழித்துக்கொண்டு பொழுதோட இங்கே வந்துவிடுவாராம். சிமெண்ட் கிடைக்காத நாளில் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி. கோலிக்குண்டு பொறுக்கிக் கொடுத்த பையன்களில் எங்கள் அப்பாவும் ஒருத்தர். சோடா பாட்டிலை உடைத்ததற்குக் கடைக்காரரிடம் வாங்கிய அறையைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். எட்டு வருசம் அப்படி ஓடியிருக்கிறது. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

இதை நீங்கள் இடிப்பதற்குச் சொன்ன காரணங்கள் நாலு. சாஸ்திரத்தில் இல்லை என்று ஸ்தபதி சொல்கிறார். குதிரையின் முன்னங்காலில் விரிசல், யார் தலையிலாவது விழும். கார் நிறுத்த இடம் வேண்டும். அப்புறம் செயலாளர் அண்ணன் சொன்னது: “நாலு ஊர்க்காரன் வந்தா சிரிக்கறானுங்க.”

கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்கட்டுமே.

நான் ரெண்டு வருசம் சண்டிகரில் ஒரு கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசராக இருந்தது உங்களுக்குத் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமை லீவில் கூட வேலை செய்த பஞ்சாபிப் பையன் ராக் கார்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் ஏதோ பாறைப் பூங்கா என்று நினைத்துக்கொண்டு போனேன். குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வாசல். உள்ளே போனால் வரிசை வரிசையாக ஆட்கள், குரங்குகள், மயில்கள், நூற்றுக்கணக்கில். உடம்பெல்லாம் உடைந்த கண்ணாடி வளையல். பீங்கான் சில்லு, கட்டடத்துக் கழிவு, பழைய சைக்கிள் பிரேம். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஒரு மாதிரி தொண்டை அடைத்தது. எங்க ஊர்க் கொத்தனாரு இங்க எப்ப வந்தாருன்னு ஒரு நிமிசம் தோன்றிவிட்டது.

அதைச் செய்தவர் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். பிரிவினையில் அந்தப் பக்கத்துக் கிராமத்தை விட்டு வந்தவர். புது நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்தபோது குவிந்த கழிவைச் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போய், யாரும் வீடு கட்டக்கூடாது என்று ஒதுக்கியிருந்த காட்டுக்குள் 1957 வாக்கில் திருட்டுத்தனமாக ஆரம்பித்தார். பகலில் ஆபீஸ், ராத்திரி இது. பதினெட்டு வருசம் வெளியே தெரியவில்லை. தெரிந்தபோது அதிகாரிகளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. சட்டப்படி அது புறம்போக்கு ஆக்கிரமிப்பு, இடிக்க வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவரையே சம்பளம் கொடுத்துப் பொறுப்பாளராகப் போட்டு ஐம்பது ஆட்களைக் கையில் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ. பிற்பாடு புல்டோசர் ஒருமுறை வந்தபோது ஊர் ஜனம் கைகோத்து வழியில் நின்றது. அவர் 2015-இல் காலமானார். 2025-இல்கூட உயர் நீதிமன்றத்துப் பக்கம் வண்டி நிறுத்தத் தோதாக அதன் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். பார்க்கிங் ஆசை நமக்கு மட்டும் இல்லை, அங்கேயும் உண்டு. ஆனால் அந்த ஒரு சுவருக்காக ஊரில் எழுந்த சத்தம் கொஞ்சமல்ல.

நேக் சந்தை அந்த ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து ஊர் சிரிக்காத இடம் உலகத்திலேயே கிடையாது. பிரான்சு நாட்டில் ஓத்ரீவ் என்று ஒரு கிராமம். அங்கே ஃபெர்தினான் ஷெவால் என்று ஒரு தபால்காரர். தினமும் முப்பது கிலோமீட்டர் வாக்கில் நடந்து தபால் போடுவார். 1879-இல், நாற்பத்து மூன்று வயதில், வழியில் ஒரு கல் தடுக்கி விழப்போனார். கல்லை எடுத்துப் பார்த்தால் விநோதமான வடிவம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னொன்று. பை கிழிந்தது, கூடை வந்தது. கூடை போதாமல் தள்ளுவண்டி வந்தது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கட்டினார். முப்பத்து மூன்று வருசம் கழித்து 1912-இல் முடித்தபோது 26 மீட்டர் நீளத்துக்கு ஓர் அரண்மனை நின்றது. அவர் அந்தப் பகுதியை விட்டு வெளியே போகாத மனுசர். விநியோகம் செய்த தபால் அட்டைகளிலும் பத்திரிகைப் படங்களிலும் பார்த்த உலகம்தான் அவர் பார்த்த உலகம். அந்த அரண்மனையின் ஒரு பக்கத்தில் ஒரு மசூதி, ஒரு மலைநாட்டு வீடு, ஒரு கோட்டை, அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் இந்துக் கோயிலும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், நம்ம கோயிலை அவர் அங்கே கட்டியிருக்கிறார். நம்ம கொத்தனார் இங்கே ஐந்தாம் நம்பர் பஸ்ஸைக் கட்டியிருக்கிறார்.

தன்னை அங்கேயே புதைக்க வேண்டும் என்று ஷெவால் கேட்டார், சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று ஊர்ச் சுடுகாட்டில் தனக்கொரு கல்லறையை எட்டு வருசம் உட்கார்ந்து கட்டிவிட்டுத்தான் 1924-இல் செத்தார். அரண்மனையை 1969-இல் பிரான்சு அரசாங்கம் நினைவுச்சின்னம் என்று அறிவித்தது. பிரான்சிலேயே துபுஃபே என்று ஓர் ஓவியர், இப்படிப் பள்ளிக்கூடம் போகாமல், ஒருத்தரும் கேட்காமல், யார் மெச்சுவார்கள் என்று பார்க்காமல் செய்கிற வேலைக்குப் பச்சையான கலை என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார். அவர் சேர்த்ததை வைத்துச் சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்தில் 1976-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெயரெல்லாம் நமக்கு வேண்டாம். நாலு ஊர்க்காரன் சிரிக்கிறான் என்று ஓத்ரீவ் கிராமத்தார் இடித்திருந்தால் இன்றைக்கு அங்கே பஸ் நிற்குமா என்பதுதான் என் கேள்வி.

ஏன், நம்ம ஜி.டி. நாயுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, ஓட்டாமல், அக்கக்காகக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது ஊர் என்ன சொல்லியிருக்கும்? மறை கழண்டவன் என்றுதான் சொல்லியிருக்கும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட பிறகுதான் அது மேதைமை ஆயிற்று. நம்ம பக்கத்தில் பணம் வந்தால் விநோதம் மேதைமை, வராவிட்டால் கிறுக்கு. கொத்தனாருக்குப் பணம் வரவில்லை. அவ்வளவுதான்.

இப்போது விரிசலுக்கு வருகிறேன். நாலு காரணத்தில் உண்மையான காரணம் இது ஒன்றுதான். போன பங்குனியில் இடப்பக்கக் குதிரையின் முன்னங்காலில் இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு விழுந்தது. அதன் கீழே அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றிருந்தது. அந்தக் குழந்தையின் அம்மா என் தங்கை. எனக்கு அந்தப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

ஆனால் பயத்துக்கு ஜேசிபி மட்டும்தான் மருந்தா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் வாட்ஸ் என்று ஒரு பேட்டை. அங்கே சைமன் ரோடியா என்று இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஒரு டைல்ஸ் வேலைக்காரர். நம்ம கொத்தனார் மாதிரி குள்ளமான ஆள். 1921-இல் தன் வீட்டுக் காலிமனையில் இரும்புக் கம்பியை வளைத்து, கம்பியால் கட்டி, வலை சுற்றி, சிமெண்ட் பூசி, ஈரத்தில் கிளிஞ்சலும் பச்சை சோடா பாட்டில் துண்டும் ஓட்டுச் சில்லும் பதித்துக் கோபுரம் எழுப்ப ஆரம்பித்தார். வெல்டிங் கிடையாது, போல்ட் நட் கிடையாது, சாரமும் கிடையாது. ஜன்னல் துடைப்பவர்கள் இடுப்பில் கட்டும் வாரைக் கட்டிக்கொண்டு தான் கட்டிய வளையத்தின் மேலேயே ஏறி அடுத்த வளையத்தைக் கட்டினார். கம்பியை வளைக்கப் பக்கத்தில் போகும் ரயில் தண்டவாளத்தில் செருகி நெம்புவாராம். 1954 வரைக்கும் முப்பத்து மூன்று வருசம். ஷெவாலுக்கும் முப்பத்து மூன்று, இவருக்கும் முப்பத்து மூன்று; எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மிக உயரமான கோபுரம் நூறடிக்கு அரையடிதான் குறைவு. அஸ்திவாரம் ரெண்டடிகூட இல்லை. ஒரு நாள் மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

மாநகராட்சிக்காரர்கள் வந்து பார்த்து, பெர்மிட் இல்லை, பிளான் இல்லை, பூகம்பம் வருகிற ஊர், விழுந்தால் ஆபத்து, இடி என்று உத்தரவு போட்டார்கள். நம்ம கூட்டத்தில் பேசிய அதே பேச்சு. ஆனால் அங்கே கொஞ்சம் பேர் கூடி ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து, “இடிக்கறதுக்கு முன்னால சோதிச்சுப் பாருங்க, விழுந்தா விழட்டும், விழலைன்னா விட்டுடுங்க” என்று பந்தயம் கட்டின மாதிரி கேட்டார்கள். 1959 அக்டோபர் 10-ஆம் தேதி ஜனங்கள் சுற்றி நின்று பார்க்க, கோபுரத்தில் இரும்பு வடத்தைக் கட்டி, கிரேனை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தார்கள். பத்தாயிரம் பவுண்டு இழுவை. நம்ம கணக்கில் நாலரை டன். கோபுரம் நகரவில்லை. கடைசியில் கிரேன்தான் பழுதாகி நின்றது. இடிப்பு உத்தரவு ரத்து. 1990-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

நான் ஊருக்குக் கேட்பதும் அதுதான், கிரேன் இல்லாமல். குதிரையின் உடம்பு செங்கல்லும் சுண்ணாம்பும். அதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கால் நாலும், வாலும், முனியப்பன் ஓங்கிய கையும்தான் கம்பி போட்டுச் சிமெண்ட் பூசியவை. ஐம்பது வருச மழை, உள்ளே போன ஈரம், கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு சும்மா இருக்காது. இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் உப்பும். உப்பினால் மேலே இருக்கும் சிமெண்ட்டை வெடிக்க வைத்துத் தள்ளும். அந்தச் சில்லு விழுந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். நம்ம வீட்டுப் பழைய சன்ஷேடுகள் விழுவதும் இதே காரணத்தால்தான். சன்ஷேடு விழுந்தால் யாரும் வீட்டை இடிப்பதில்லை. சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனால் பிடிப்பு விட்ட இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அந்த இடத்தை மட்டும் உடைத்து, கம்பியைச் சுரண்டித் துருவை எடுத்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, தேய்ந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி மறுபடி பூச வேண்டும். நான் ரெண்டு நாள் லீவு போட்டு ஏறிப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். மொத்தச் செலவு உங்கள் புது வாசல் வளைவுக்குப் பேசிய தொகையில் பத்தில் ஒரு பங்கு வராது. விரிசல் விட்ட காலை என்னோடு வேலை செய்யும் பொறியாளர் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். காசு கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் போட வேண்டும், அதுவும் நாட்டுக்கோழியாக இருந்தால் நலம் என்றார்.

சாஸ்திரம். இதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்தபதி படித்தவர், தன் நூலில் உள்ளதைச் சொல்கிறார். திருமுருகன்பூண்டிச் சிற்பிகளின் கருங்கல் வேலைக்கு நான் கும்பிடு போடுகிறவன். ஆனால் நம்ம கொங்கு நாட்டு சாமிகள் என்றைக்கு நூலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்? ஆனைமலையில் மாசாணியம்மன் தரையில் படுத்திருக்கிறாள். நியாயம் கேட்டுப் போகிறவர்கள் மிளகாயை அரைத்துக் கல்லில் பூசிவிட்டு வருகிறார்கள். சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. எவனோ ஒரு பக்தர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார்; அவர் மலையேறி வந்து சொல்லுவார்; பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அங்கேதான். மண்ணு, தண்ணி, நெல்லு, தங்கம், சைக்கிள் என்று என்னென்னவோ அந்தப் பெட்டியில் இருந்திருக்கின்றன. காரில் ஏறிப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்து, இந்த வருசம் மஞ்சள் விலை ஏறுமா என்று பேசிவிட்டு வருகிறவர்கள்தானே நாம். நாளைக்கு யாராவது அந்தப் பெட்டியை ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் வைத்தால் புது மாதிரிக் கலை என்று வரிசையில் நிற்பார்கள். சிவன்மலையில் சைக்கிள் இருக்கலாம், நம்ம கருப்பராயன் வாசலில் பஸ் இருக்கக்கூடாதா?

“பாலாலயம் முடிஞ்சிருச்சு, இனி அது வெறும் சிமெண்டுதான்” என்று மச்சான் சொன்னார். திருப்பணிக்கு முன்னால் சாமியின் சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றி வைக்கிற சடங்குதான் பாலாலயம். சரி. வெறும் சிமெண்ட் என்றால் இன்னும் நல்லது, பரிகாரம் ஒன்றும் இல்லாமல் தாராளமாகப் பழுது பார்க்கலாம்.

கூட்டத்தில் நான் பேச நினைத்துப் பேசாமல் விட்டது இன்னொன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் நியூ பெத்தெஸ்டா என்று வறண்ட காட்டுக்குள் ஒரு சின்ன ஊர். அங்கே ஹெலன் மார்ட்டின்ஸ் என்று தனியாக வாழ்ந்த ஓர் அம்மா, வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடித் தூள் ஒட்டி, வாசலெல்லாம் சிமெண்டில் ஆந்தையும் ஒட்டகமும் மனுசர்களுமாக நிறைத்தார். 1976-இல் அவர் இறந்த பிறகு அது ஆந்தை வீடு என்று உலகப் பிரசித்தமாகிவிட்டது. எல்லாம் அவர் பெயரில்தான். ஆனால் சிமெண்ட்டைக் கையால் குழைத்து அந்தச் சிலைகளில் பெரும்பாலானவற்றுக்கு உருவம் கொடுத்தவர் கூஸ் மல்காஸ் என்ற கூலிக்காரர். பன்னிரண்டு வருசம் போல அந்த அம்மாவோடு வேலை செய்தவர். நிறவெறிச் சட்டம் நடந்த நாடு, அவர் வெள்ளைக்காரர் இல்லை. பிற்பாடு அந்தச் சிலைகள் சிதைய ஆரம்பித்தபோது பழுது பார்க்க அவரையேதான் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

நம்ம கோயிலில் டியூப்லைட் கொடுத்தவர் பெயர் டியூப்லைட்டிலேயே வெளிச்சம் மறைக்கும்படி எழுதியிருக்கிறது. தண்ணித் தொட்டி, சேர், மணி, மணிக்குக் கயிறு, எல்லாவற்றிலும் உபயம். இருபத்து மூன்று உருவங்களையும் ஒரு காசு வாங்காமல் செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. முனியப்பனுக்குக் கண் திறந்த அன்றைக்கு ஊரே வாசலில் நின்றபோது, அந்தக் கண்ணைச் செய்தவர் வேப்பமரத்துக்கு அக்கட்டாலதான், அந்தப் பக்கம் தள்ளித்தான், நின்றார் என்று ஆத்தா சொல்லும். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுத்தியலும் கரண்டியும் பிடித்துக்கொண்டு எட்டு வருசம் குதிரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது படாத தீட்டு, பூசை அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ.

அவருடைய பேத்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறது. போன வாரம் போய்ப் பார்த்து, இடிக்கப் போகிறார்கள் என்ற விசயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. “அந்த வாந்தியெடுக்கற மூஞ்சி எங்க அப்பத்தாளுங்கண்ணா” என்றது. பஸ்ஸில் போனாலே வாந்தி வருமாம். அம்பது வருசமாக நாம் சிரித்துக்கொண்டிருந்தது அந்த ஆத்தாவைப் பார்த்துத்தான். இந்த மடலில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “மொதல்ல கல்லுல போடச் சொல்லுங்க. அப்பறம் நீங்க பேப்பர்ல போடுங்க” என்றது. அதனால்தான் இந்த மடல் முழுக்கக் கொத்தனார் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன்.

கார் நிறுத்துவதற்கு, மேற்கே நம்ம பங்காளி ஒருத்தருடைய தரிசு கிடக்கிறது. நோம்பி நாளைக்கு மட்டும் கேட்டால் கொடுப்பார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஒருவேளை இடிக்கவில்லை என்று நீங்கள் முடிவு செய்தால், அதற்கப்புறமும் ஒரு பயம் எனக்கு இருக்கிறது. தைவானில் தைச்சுங் நகரத்தில் ஹுவாங் யுங்ஃபு என்ற பழைய சிப்பாய், தன் பட்டாளக் குடியிருப்பை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்றதும், எண்பதைத் தாண்டிய வயதில் பெயிண்ட் டப்பாவை எடுத்துச் சுவரெல்லாம் படம் வரைந்தார். கோழி, பூனை, பூ, சிரிக்கிற மூஞ்சி. கல்லூரிப் பிள்ளைகள் பார்த்துவிட்டு மனுப் போட, 2010-இல் மிச்சமிருந்த வீடுகள் தப்பின. வானவில் தாத்தா என்று அவருக்குப் பேர். ஆனால் 2022-இல், அந்த இடத்தைக் கவனித்துக்கொண்ட ஆட்களுக்கும் நகராட்சிக்கும் தகராறு வந்து, பொறுப்பில் இருந்தவர்களே படங்களின் மேல் பெயிண்ட்டை அடித்து அழித்துவிட்டுப் போனார்கள். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். ஜேசிபியிடம் தப்பியது பிரஷ்ஷிடம் மாட்டிக்கொண்டது.

நம்ம குழுவுக்கும் பிரஷ் ஆசை நிறைய. குதிரைக்குத் தங்கக் கலர் எனாமல், முனியப்பனுக்கு ரோஸ் உதடு என்று ஒரு பெயிண்டர் படம் போட்டுக் காட்டியதை நான் பார்த்தேன். தயவு செய்து வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விட வேண்டிய சாதனம். எனாமல் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சையே தள்ளிக்கொண்டு உதிரும். பழைய மாதிரி சுண்ணாம்பில் காவியும் மஞ்சளும் கலந்து அடித்தால் போதும். பீங்கான் பதித்த வயிற்றைத் தண்ணியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகும். அதற்கு நம்ம வீட்டுப் பிள்ளைகளே போதும்.

ஊஞ்ச மரத்தடியில் குவிந்து கிடக்கும், நேர்ந்து வைத்த உருவாரங்களையும் அள்ளிக் குட்டையில் கொட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். மண் குழந்தை, மண் மாடு, மண் கை, மண் கால். உடைந்தவை மண்ணோடு மண்ணாகப் போவதுதான் முறை, அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க நான் சொல்லவில்லை. இருக்கிற இடத்திலேயே கரையட்டும். அந்தக் குவியலில் நானும் ஒருத்தன், பெரியப்பா. எனக்கு அம்மை போட்டபோது ஆத்தா வைத்தது அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் பொறியாளரும் ரெண்டு ஆட்களும் வருகிறோம். சாரத்துக்கு முப்பது சவுக்கு மரம் என் செலவில் வருகிறது. மணல் மூட்டை நாற்பது வேண்டும், அதைக் குழு ஏற்பாடு செய்தால் போதும். முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்து பிடிப்பு விட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போடுவோம். அதற்கப்புறம் குதிரை முதுகில் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு பத்து மூட்டைக்கும் விரிசலை அளப்போம். குதிரைக்கு முப்பதடிக்குள் யாரும் நிற்கக்கூடாது, கயிறு கட்டிவிடுவோம். விரிசல் ஒரு நூல் விரிந்தாலும் நானே புதன்கிழமை ஜேசிபிக்கு டீசல் போடுகிறேன், இது எழுத்தில். விரியாவிட்டால் செயலாளர் அண்ணன் ஜேசிபிக்காரருக்கு அங்கேயே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில்.

பேத்தியும் வருகிறேன் என்றிருக்கிறது. அன்றைக்கு அதை வேப்பமரத்துக்கு இக்கட்டால நிற்க வையுங்கள்.

இப்படிக்கு,
கோலிக்குண்டு பொறுக்கியவரின் மகன்